வேம்பு காட்டிய பெயர்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை அகமா, புறமா என்னும் வழக்குத் தமிழாசிரியர் எவர்க்கும் புதியதன்று. கூதிர்காலத்து நள்ளிரவில் அரண்மனையுள் துயருற்றுக் கிடக்கும் அரசியையும், பாசறையில் உறங்காது புண்பட்ட வீரரைக் கண்டு ஆறுதல் கூறும் அரசனையும் நக்கீரர் 188 அடிகளில் பாடுகிறார். பாட்டின் எவ்விடத்திலும் அரசனின் பெயர் இல்லை. பிரிவும் ஆற்றாமையுமே பொருளாதலின் அஃது அகப்பாட்டாகவே நின்றிருக்க வேண்டும். ஆயினும், அரசனுக்கு முன் செல்பவன் ஏந்திய வேலின் தலையில் வேம்பு கட்டப்பட்டிருந்தது என்று புலவர் ஒரு குறிப்பை வைத்துவிட்டார். வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப் பூ. அக்குறிப்பொன்றைக் கொண்டே, பாட்டின் தலைவன் பாண்டியன் எனத் துணிந்து, இதனைப் புறத்தின்பாற் படுத்தார் நச்சினார்க்கினியர். அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டுதல் ஆகாது என்பது தொல்காப்பிய விதி. பெயரைக் கூறாமலே ஆளை அறியவைக்கும் அடையாளம் ஒன்று உள்ளே இருக்குமாயின் அவ்விதி காக்கப்பட்டதாகாது என்பது உரையாசிரியரின் துணிபு.

இம்முடிபை மறுப்பாரும் உளர். அடையாளப் பூ வேறு, இயற்பெயர் வேறு என்பது அவர்தம் வாதம். அவ்வழக்கை ஈண்டுத் தீர்க்க வேண்டுவதில்லை. பெயரை மறைத்தலும் ஆளை மறைத்தலும் ஒன்றல்ல என்று ஓர் உரையாசிரியர் கண்ட நுட்பம், கைப்பேசிக் காலத்தில் எதிர்பாராத பயனைத் தருகிறது என்பதே கருதத்தக்கது.

2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கோலாலம்பூரில் எழுந்த ஒரு வாதத்தை எடுத்துக்கொள்ளலாம். அவ்வாண்டின் முதல் மூன்று மாதங்களுக்குரிய கைப்பேசி அழைப்பு, இணையப் பயன்பாடு ஆகியவை பற்றிய தரவுகளைத் தருமாறு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் தொலைத்தொடர்பு நிறுவனங்களைப் பணித்திருந்தது என்னும் செய்தி அப்போது வெளியாயிற்று. சுற்றுலா, தகவல் தொழில்நுட்பம் ஆகியவை பற்றிய புள்ளிவிவரத்திற்கே அத்தரவு வேண்டப்பட்டது என்றும், தனியாட்களை அடையாளங்காட்டும் விவரம் எதுவும் அதில் இராது என்றும் ஆணையம் விளக்கியது. நோக்கம் அதுவே என்று ஏற்றுக்கொண்டாலும், விளக்கத்தின் பின்பாதி நெடுநல்வாடை வழக்கில் ஒரு கட்சியினர் கூறியதையே மீண்டும் கூறுகிறது. பெயர் இல்லை, ஆகவே ஆள் இல்லை. ஒரு கைப்பேசி இரவெல்லாம் கிள்ளானில் ஒரு குடியிருப்பிலும், பகற்பொழுதில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பள்ளிக்கூடத்தின் அருகிலும், வெள்ளிக்கிழமை மாலையில் ஒரு கோயிலின் அருகிலும் இருக்குமாயின், அதற்கு உடையவர் இன்னார் என்று அறிய அவருடைய பெயர் எதற்கு? அக்குடியிருப்பிலிருந்து அப்பள்ளிக்கு வரும் ஆசிரியர் ஒருவரோ இருவரோதான் இருப்பர். இடமும் நேரமுமே வேம்பாகிவிடுகின்றன.

பெரிய நிறுவனங்களின் செயலிகளைக் கைவிட்டு, அந்தரங்கம் பேணும் மாற்றுகளுக்கு மாறவேண்டும் என்னும் பேச்சு தமிழர் வட்டங்களில் அவ்வப்போது எழுகிறது. எழுந்த விரைவிலேயே தணிந்தும் விடுகிறது. பத்துச் செயலிகளின் பெயரும் அவற்றிற்கு மாற்றுகளும் நிரல்பட எழுதப்பெற்ற பட்டியல்கள் கைக்குக் கை மாறுகின்றன. அப்பட்டியல்கள் வாட்ஸ்அப் வழியாகவே வலம்வருவது ஒரு வேடிக்கை. இப்பேச்சில் பெரும்பாலும் கேட்கப்படுவன, செயலி யாருடையது, எந்நாட்டது, அதன் பெயர் தமிழா என்னும் வினாக்களே. வேம்பு எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று கேட்பார் அரியர்.

பெயரைப் பற்றியே முதலில் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பைப் ‘புலனம்’ என்று வழங்குவது மலேசியத் தமிழரின் பழக்கம். கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களிடமும் இயக்கத்தாரிடமும் இச்சொல் வேரூன்றிவிட்டது. அதனைப் பழிக்க வேண்டியதில்லை. வந்த பொருளுக்கெல்லாம் தமிழ்ப்பெயர் சூட்டி வரவேற்கும் ஊக்கம் மலேசியத் தமிழருக்கு அணிகலனே. ஆனால் தமிழ்ப்பெயர் சூட்டியதும் அப்பொருள் வீட்டுப்பொருள் ஆகிவிட்டது போன்ற ஒரு மயக்கமும் உடன் வருகிறது. பெயர் மாறியதனால் செயலியின் உடைமையாளர் மாறவில்லை. 2014இல் அதனை விலைக்கு வாங்கிய பேஸ்புக், 2021இல் மெட்டா எனத் தன் பெயரை மாற்றிக்கொண்ட நிறுவனமாக இன்றும் அதனை உடைமையாகக் கொண்டுள்ளது. காவலர் நடத்தும் ‘புலன் விசாரணை’யிலும் இதே வேர்ச்சொல் நிற்பது தற்செயலே எனினும், சொல்லாக்கியோர் அறியாமல் ஓர் உண்மையைத் தொட்டுவிட்டனர் என்றே கூறலாம்.

இன்னொரு சொல்லும் ஆராயத்தக்கது. செயலிகள் தமிழில் வெளியிடும் அறிக்கைகளில் ‘தனியுரிமைக் கொள்கை’ என்னும் தொடர் காணப்படுகிறது. ஒருவரின் அந்தரங்கத்தைக் காக்கும் முறை என்பது அதன் பொருளாகக் கொள்ளப்படுகிறது. அதே தமிழில், மூலநிரலைப் பிறர்க்குக் காட்டாமல் ஒரு நிறுவனம் தன்னுடையதாகவே வைத்துக்கொள்ளும் மென்பொருளுக்குத் ‘தனியுரிம மென்பொருள்’ என்று பெயர். ஒரே சொல், ஓரிடத்தில் பயனரின் மறைவையும் மற்றோரிடத்தில் நிறுவனத்தின் பூட்டையும் குறிக்கிறது. மாணவன் ஒருவன் தனியுரிமைக் கொள்கை என்பதை நிறுவனத்தின் தனி உரிமைகளைக் கூறும் கொள்கை என்று பொருள்கொண்டால், ஆசிரியர் அதனைப் பிழை எனத் திருத்துவதற்கு முன் சற்றுத் தயங்க வேண்டியிருக்கும். அறிக்கை முழுவதையும் படித்தால் அவன் கொண்ட பொருளே நெருக்கமாகத் தோன்றுவதுண்டு. அந்தரங்கம் என்னும் சொல் வடமொழி எனத் தள்ளப்பட்டது. மறைவு என்னும் சொல் குற்றத்தின் சாயல் ஏறியமையால் கைவிடப்பட்டது. அகம் என்னும் சொல் இருந்தது. அதனை எவரும் எடுத்தாளவில்லை.

புலனத்தில் எது மறைக்கப்படுகிறது, எது மறைக்கப்படவில்லை என்பதை நேர்மையாகக் கூறுதல் வேண்டும். 2016 ஏப்ரல் முதல் அதன் செய்திகள் அனைத்தும் முனைக்கு முனை மறையாக்கம் பெற்றுள்ளன. அனுப்புவோர் கைப்பேசியிலும் பெறுவோர் கைப்பேசியிலும் மட்டுமே திறவுகோல் இருக்கும்; இடையில் நிற்கும் நிறுவனம் செய்தியைப் படிக்க இயலாது. அம்மறையாக்க முறையை வகுத்தவர்கள் சிக்னல் செயலியை உருவாக்கியவர்களே. ஆகவே, நிறுவனத்தார் உட்கார்ந்து ஒவ்வொரு கடிதத்தையும் படிக்கின்றனர் என்று அச்சுறுத்துவது அறியாமை. ஆனால் யார் யாருக்கு, எப்போது, எத்தனை முறை, எங்கிருந்து எழுதினார், எந்தெந்தக் குழுவில் உள்ளார் என்பன கடிதத்தின் உள்ளே இருப்பன அல்ல. அவை உறையின்மேல் எழுதப்பட்டவை. செய்தியைப் பற்றிய இச்செய்தியை மீதரவு என்பர். பாட்டில் பெயர் இல்லை. வேலில் வேம்பு இருக்கிறது.

2021 ஜனவரியில் புலனம் தன் கொள்கைத் திருத்தத்தை அறிவித்தபோது உலகெங்கும் பெருங்கூட்டம் சிக்னலுக்கும் டெலிகிராமுக்கும் ஓடியது. பிப்ரவரி 8 என்று குறித்திருந்த கெடு மே 15க்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஓடியவர்களுள் பலர் சில வாரங்களில் திரும்பி வந்தனர். அவர்கள் எதற்கு அஞ்சி ஓடினரோ, அதில் ஒரு பகுதியாவது 2016 ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்டது. பயனரின் தொலைபேசி எண்ணைப் பேஸ்புக்குடன் பகிர்வதாக அவ்வாண்டே அறிவிக்கப்பட்டிருந்தது. ஐந்தாண்டு பிந்திய அச்சம் எனலாம். ஓடிய இடமும் ஆராய்ந்து தேர்ந்ததன்று. டெலிகிராமில் வழக்கமான உரையாடலும் குழு உரையாடலும் முனைக்கு முனை மறையாக்கம் பெறுவதில்லை. இரகசிய உரையாடல் எனத் தனியே தொடங்கினாலன்றித் திறவுகோல் நிறுவனத்திடமே இருக்கும். 2024 ஆகஸ்டில் அதன் நிறுவனர் பாவெல் துரோவ் பிரான்சில் கைதானதை அடுத்து, செப்டம்பரில், முறையான சட்டக் கோரிக்கை வந்தால் விதிமீறியோரின் இணைய முகவரியையும் தொலைபேசி எண்ணையும் தருவதாக அந்நிறுவனம் தன் விதியை மாற்றியது. அந்தரங்கம் தேடிப் புலனத்தை விட்டு அங்குச் சென்றவர், உறையிட்ட கடிதத்தை விட்டு அஞ்சலட்டைக்கு மாறியவராவார்.

சென்னை ஸோஹோ நிறுவனத்தின் ‘அரட்டை’யைப் பற்றித் தமிழர் கொண்ட உவகையும் இவ்வகையில் அளந்து பார்க்கத்தக்கது. 2021இல் வெளிவந்த அச்செயலி, 2025 செப்டம்பர் இறுதியில் இந்திய அமைச்சர் சிலரின் பரிந்துரையால் ஒருசில நாள்களில் பெருவளர்ச்சி கண்டது. தமிழ்ச்சொல் ஒன்று அனைத்திந்தியாவிலும் ஒலித்தது என்று மலேசியத் தமிழரும் மகிழ்ந்தனர். மகிழ்ச்சி இயல்பானதே. ஆனால் அந்நாள்களில் அதன் அழைப்புகளுக்கு முனைக்கு முனை மறையாக்கம் இருந்ததே அன்றி எழுத்துச் செய்திகளுக்கு இருக்கவில்லை. அதனைச் சேர்க்கும் பணி பின்னரே நடந்தது. ஒரு செயலி சுதேசி என்பது பொருளியல் பற்றிய செய்தி. அச்செயலி கடிதத்தைப் படிக்க இயலுமா என்பது வேறு செய்தி. முதலாவதற்கு விடை தெரிந்ததனால் இரண்டாவதும் தெரிந்துவிட்டதாகக் கொண்டமை அக்கால உவகையின் குறை. கோலாலம்பூரிலிருந்து நோக்கின் மற்றொன்றும் புலப்படும். மலேசியத் தமிழருக்குச் சென்னையும் அயல்நாடே. கலிபோர்னியாவை விட்டுச் சென்னைக்குச் சென்ற கடிதம் கிள்ளானுக்கு வீடு திரும்பியதாகாது.

மாற்று என்னும் பெயருக்கு உரியது எது என்பதற்குக் கட்டளைக்கல்லாக 2016இல் நிகழ்ந்த ஒன்றைக் காட்டலாம். அமெரிக்காவில் வர்ஜீனியாவின் கிழக்கு மாவட்டத்திலிருந்து சிக்னல் செயலியை நடத்தியவர்களுக்கு அழைப்பாணை ஒன்று வந்தது. இரண்டு தொலைபேசி எண்களைக் குறித்து அவர்களிடம் உள்ள அனைத்தும் கேட்கப்பட்டன. ஓர் எண்ணுக்கே கணக்கு இருந்தது. அதற்கு அவர்களால் கொடுக்க முடிந்தவை இரண்டு: கணக்குத் தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள். கொடுக்க மறுத்தார்கள் என்பதன்று, வைத்திருக்கவே இல்லை. 2018 முதல் இலாபநோக்கற்ற அறக்கட்டளை ஒன்றின்கீழ் இயங்கும் அச்செயலி, அவ்வாண்டிலேயே அனுப்புநர் யார் என்பதையும் வழங்கியிடமிருந்து மறைக்கும் முறையைக் கொணர்ந்தது. 2024இல், தொலைபேசி எண்ணைப் பிறருக்குக் காட்டாமலே பேசும் வசதியும் வந்தது. புலவன் வேலிலிருந்து வேம்பை அவிழ்த்துவிட்டான் எனலாம்.

இதற்கு நேர்மாறாக, நல்ல மாற்று எனப் பெரிதும் போற்றப்பெறும் ஒன்றிலும் வேம்பு எஞ்சிய கதை உண்டு. ஜெனீவாவில் 2014இல் தொடங்கப்பெற்ற புரோட்டான் அஞ்சல் சேவை, பயனரின் மின்னஞ்சல் பெட்டியைத் தானே திறந்து படிக்க இயலாதபடி பூட்டி வைப்பது. ஆயினும், பிரான்சின் வேண்டுகோளின்மேல் சுவிட்சர்லாந்து அதிகாரிகள் பிறப்பித்த ஆணைக்குக் கட்டுப்பட்டு, ஒரு பயனரின் இணைய முகவரி எண்ணைப் பதிந்து கொடுத்தது 2021இல் தெரியவந்தது. அஞ்சலின் உள்ளடக்கம் வெளிப்படவில்லை. ஆள் வெளிப்பட்டார். இதனால் அச்சேவை தீயது என்றாகாது. கூகுளின் மின்னஞ்சலோடு ஒப்பிட அதன் காப்பு மிகுதியே. ஆனால் சந்தா செலுத்தியதும் அரண்மனைக்குள் புகுந்துவிட்டதாக எண்ணுவோர்க்கு இந்நிகழ்ச்சி தெரிந்திருத்தல் வேண்டும்.

இவையெல்லாம் குற்றவாளிகளுக்கும் போராளிகளுக்கும் உரிய கவலைகள், தமிழ்ப்பள்ளிக்கு என்ன என்று கேட்கப்படலாம். இப்பொருளில் உண்மையாகவே இழக்கத்தக்கது எது என்பது அங்கேதான் இருக்கிறது. வகுப்புக் குழுவொன்றில் ஓராண்டில் சேர்வன யாவை? மாணவர் முகம் தெரியும் படங்கள், பிறப்புப் பத்திரத்தின் நகல், உதவித்தொகைக்கு விண்ணப்பித்த குடும்பங்களின் பட்டியல், கட்டணம் செலுத்தாதோர் பெயர், காய்ச்சலுற்ற குழந்தையின் மருத்துவச் சான்று, பெற்றோர் பிரிந்து வாழ்கின்றனர் என்பதைப் புலப்படுத்தும் ஒரு வரி. இவற்றுள் ஒன்றேனும் ஆசிரியரின் உடைமையன்று. ஒன்பது வயதுக் குழந்தையின் உடைமை. அக்குழந்தை எந்தக் கொள்கைக்கும் இசைவு தந்ததில்லை.

சட்டம் காக்கும் என்று இருந்துவிடவும் இயலாது. மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பெற்று 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2024இல் அது திருத்தப்பட்டது. தரவு கசிந்தால் அறிவிக்கவேண்டும் என்னும் கடமை 2025 ஜூன் முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் அச்சட்டம் கூட்டரசுக்கும் மாநில அரசுகளுக்கும் பொருந்தாது. வணிகப் பரிமாற்றம் சார்ந்த தரவுக்கே பொருந்தும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் குழுவில் கிடக்கும் பட்டியல் அதன் நிழலுக்கு வெளியே நிற்கிறது. சட்டம் இருந்த காலத்திலேதான், நான்கு கோடியே 62 இலட்சம் கைப்பேசி எண்களுக்குரியோரின் விவரங்கள் கசிந்த செய்தி 2017 அக்டோபரில் வெளியாயிற்று. நாட்டின் மக்கள்தொகை அப்போது ஏறத்தாழ மூன்று கோடியே 20 இலட்சம். அக்கசிவில் அகப்படாதோர் சிலரே இருந்திருக்க முடியும்.

பள்ளிக்குரிய பெரிய வாயில் ஒன்று ஆசிரியரின் விருப்பத்திற்கு அப்பாற்பட்டது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2020 ஜூனில் கல்வியமைச்சு தொடங்கிய டெலிமா தளம், கூகுள், மைக்ரோசாப்ட், ஆப்பிள் ஆகிய நிறுவனங்களின் கருவிகளை ஒருங்கே மாணவரிடம் கொண்டுவந்தது. அங்கு மாற்றைப் பற்றிய பேச்சு அமைச்சின் கதவருகே நடைபெற வேண்டியது. தனி ஆசிரியரைக் குறைகூறிப் பயனில்லை.

அகப்பாடல்களிலும் தூது செல்வோர் உளர். பாணனும் பாங்கனும் தோழியும் செய்தியை அறிந்தே சென்றனர். ஆயின் பாணனைத் தலைவி நேருக்கு நேர் மறுக்க முடிந்தது. வாயில் மறுத்தல் என்று அதற்குத் துறையே உண்டு. புலனத்தை மறுக்க முனையும் ஒருவர், பள்ளியின் அறிவிப்பையும் கோயில் நிருவாகத்தின் அழைப்பையும் உறவினரின் இறப்புச் செய்தியையும் கூடவே மறுக்க வேண்டியிருக்கிறது. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் கடை வைத்திருப்பவர் வாடிக்கையாளர் இருக்கும் இடத்தில்தான் இருந்தாக வேண்டும். தனியொருவரின் மனவுறுதியைப் போற்றி எழுதும் கட்டுரைகள் இவ்விடத்தில் பொய்த்துவிடுகின்றன. உரையாடல் இருவர் உடைமை. குழுவோ இருநூற்றுவர் உடைமை. ஒருவர் மட்டும் வெளியேறினால் செயலிக்கு நட்டமில்லை, அவருக்கே நட்டம். வகுப்பு முழுவதும் ஒருங்கே மாறும்போதுதான் மாற்றம் நிகழ்கிறது. அதனை ஆண்டுத் தொடக்கத்தில், புதிய குழு அமைக்கும் நாளில் செய்வது எளிது; நடுவாண்டில் செய்வது அரிது.

பிரிக்பீல்ட்ஸை நினைத்தால் இன்னொரு தடை தெரியும். 1951இல் தொடங்கப்பெற்ற மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இயங்குகிறது. பார்வையற்றோர்க்குக் கைப்பேசியின் திரையைப் படித்துக்காட்டும் மென்பொருள்கள் கூகுளும் ஆப்பிளும் அளித்தவை. மாற்றுச் செயலியின் பொத்தான்களுக்கு முறையாகப் பெயரிடப்படாவிட்டால், அம்மென்பொருள் வாய்திறவாது. பார்வையுள்ளார்க்கு ஐந்து நிமிட வேலையாகிய மாற்றம் அவர்க்குச் சுவராகும். பட்டியல் எழுதுவோர் இதனைச் சோதித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

செயலியை ஆராய்வோர் பெரும்பாலும் மறந்துவிடும் ஓர் இடம் விசைப்பலகை. தமிழைக் கணினியில் எழுதுவதற்கு வழிகண்ட முன்னோடிகளுள் கோலாலம்பூர்க்குத் தனியிடம் உண்டு. முத்து நெடுமாறனின் முரசு 1985இல் தோன்றியது. அவரது செல்லினம் 2005இல் கைப்பேசிக்கு வந்தது. 2001இன் தமிழ் இணைய மாநாடும் கோலாலம்பூரிலேயே நடந்தது. எழுதும் கருவியைத் தாமே செய்துகொண்ட மரபு இது. கடிதம் முனைக்கு முனை பூட்டப்பட்டாலும், பூட்டுவதற்கு முன் அதனை எழுத்து எழுத்தாகக் காண்பது விசைப்பலகையே. புதிய விசைப்பலகையை இயக்கும்போது, கடவுச்சொல் உட்படத் தட்டப்படும் அனைத்தையும் அது திரட்டக்கூடும் என்று ஆண்ட்ராய்டு கைப்பேசியே எச்சரிக்கிறது. அவ்வெச்சரிக்கையைப் படியாமல் ‘சரி’ என்று அழுத்திவிட்டுச் சிக்னலில் இரகசியம் பேசுவோர் பலர். குரலால் எழுதுவோர், குரல் கைப்பேசிக்குள்ளேயே எழுத்தாகிறதா, வெளியே ஒரு வழங்கிக்குச் சென்று திரும்புகிறதா என்பதையும் அறிந்துகொள்ள வேண்டியவர்.

மாறிய பின்னரும் பழைய குழு இருந்த இடத்திலேயே இருக்கும். அதிலிருந்து வெளியேறுவதனால் அனுப்பிய படம் அழிவதில்லை. இருநூறு கைப்பேசிகளில் அதன் படி கிடக்கும்; அவற்றுள் பல நாள்தோறும் காப்புப்படியாகக் கூகுளின் கிடங்கிற்கும் ஆப்பிளின் கிடங்கிற்கும் சென்றுகொண்டிருக்கும். 2021 முதல் அக்காப்புப்படியையும் பூட்டி வைக்கும் வசதி புலனத்தில் உண்டு. அதனைப் பயனரே தேடி இயக்க வேண்டும். ஆகவே குழுவைக் கலைப்பதற்கு முன்பே, உதவித்தொகைப் பட்டியல் எவரெவர் கைப்பேசியில் உள்ளது என்று கேட்டு, அதனை ஒவ்வொருவரும் நீக்குமாறு பார்த்துக்கொள்வது வகுப்பாசிரியரின் கடைசி வேலையாகிறது. அவ்வேலையைச் செய்து தரும் செயலி எந்தப் பட்டியலிலும் இல்லை.